சிப்பி வளர்ப்பு, மீன், கடலோரம், ஓடை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சிப்பிப் பண்ணை பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடும். ஒரு கட்சிக்குச் சிப்பி என்றால் கடலைக் கழுவிவிடும் இலவச இயந்திரம், இன்னொரு கட்சிக்கு அது கடற்கரையை வளைத்துப்போடும் இன்னொரு தொழிற்சாலை. ஆனால் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து விளக்கி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டுப் பதில்களை எழுதி வைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பிறகு. வரிசையாகப் படித்தால் நல்லது, பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

சிப்பி வளர்ப்புன்னா என்ன? அதுவும் மீன் பண்ணை மாதிரிதானே?

தண்ணீரில் வளர்க்கிறோம் என்பது வரைக்கும்தான் ஒற்றுமை. ஓய்ஸ்டர் என்கிற சிப்பி, மஸ்ஸல் என்கிற கல்லுமேக்காய், கிளாம் என்கிற மட்டி எல்லாமே இரட்டை ஓட்டுக்குள் வாழும் உயிர்கள். இவற்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார்கள், வலைப்பையில் போட்டு மேடையில் அடுக்குவார்கள், அல்லது ஓதம் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுத் தரையிலேயே விதைத்துவிடுவார்கள். விதைத்த பிறகு தீவனம் என்று ஒன்று கிடையாது. தண்ணீரில் மிதந்து வரும் நுண்பாசியையும் துகள்களையும் அவையே வடிகட்டித் தின்றுகொள்ளும்.

இந்த ஒரு விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. கூண்டு மீனுக்கு வெளியிலிருந்து தீவனம் கொட்டுகிறோம், அதில் ஒரு பங்கு கழிவாகக் கடலிலேயே தங்கிவிடும். சிப்பிக்கு வெளியிலிருந்து எதுவும் போடுவதில்லை, அறுவடையின்போது கடலிலிருந்து கொஞ்சம் வெளியேதான் போகிறது. 2020-ல் உலகம் முழுக்க வளர்க்கப்பட்ட மெல்லுடலிகள் (சிப்பி, கல்லுமேக்காய், மட்டி வகையறா) ஏறத்தாழ 1.77 கோடி டன், அதில் பெரும்பகுதி சீனாவில். இவ்வளவுக்கும் பெரும்பாலும் தீவனச் செலவே இல்லை.

அப்போ இறால் பண்ணையும் இதே கணக்குதானா? அதுவும் ஓடு உள்ளதுதானே?

இல்லை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். இறாலுக்குக் குளம் வெட்ட வேண்டும், தீவனம் போட வேண்டும், தண்ணீர் மாற்ற வேண்டும். ஈக்வடார், தாய்லாந்து போன்ற நாடுகளில் அலையாத்திக் காடுகள் அழிந்ததற்கு இறால் குளங்கள் ஒரு முக்கியக் காரணம். குளத்து நீரை வெளியே விடும்போது தீவன மிச்சமும் உப்பும் கூடவே போகும். இந்தப் பக்கத்தில் பேசுவது வடிகட்டித் தின்னும் இரட்டை ஓட்டு உயிர்களைப் பற்றி, அப்புறம் அவற்றோடு பின்னிக்கிடக்கும் மீன்களைப் பற்றி மட்டும்தான்.

ஒரு சிப்பி ஒரு நாளைக்கு 200 லிட்டர் தண்ணியைச் சுத்தம் பண்ணுமாமே, நிஜமா?

190 லிட்டர் என்று சொல்லும் எண்தான் அப்படி உருண்டு 200 ஆகிவிட்டது. அது பொய் இல்லை, ஆனால் அது ஒரு பெரிய, நன்றாக வளர்ந்த சிப்பி, இதமான வெப்பநிலையில், சரியான உப்புத்தன்மையில், மும்முரமாக வேலை செய்யும்போது எட்டக்கூடிய உச்சம். சாதாரண நாளில் இதைவிட நிறையக் குறைவுதான். தண்ணீர் குளிர்ந்தால் வேகம் விழுந்துவிடும், கடும் குளிரில் ஏறக்குறைய நின்றே போகும், சேறு அதிகமாகக் கலங்கினால் ஓட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

ஒற்றைச் சிப்பியை விடக் கூட்டத்தின் கணக்குதான் பேச வேண்டியது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பழைய காலத்துச் சிப்பிக் கூட்டம் முழு விரிகுடாவின் நீரையும் சில நாட்களிலேயே வடிகட்டியிருக்கும் என்றும், மிச்சமிருக்கும் சிப்பிகளுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும் என்றும் 1988-ல் ஒரு மதிப்பீடு வந்தது. மிகை அறுவடையும் நோயும் சேர்ந்து அங்கே சிப்பியை மிகச் சிறிய மிச்சமாக்கிவிட்டன. அந்த மதிப்பீட்டை முன்னே பின்னே விவாதிக்கலாம், ஆனால் தொலைந்தது எவ்வளவு பெரியது என்பது அதிலேயே தெரியும்.

வடிகட்டின அழுக்கெல்லாம் எங்கே போகுது? மாயமா மறைஞ்சுடுமா?

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல்தான் பாதிப் பேர் சிப்பியைக் கொண்டாடுகிறார்கள். தின்றதில் ஒரு பகுதி சதையாகவும் ஓடாகவும் மாறும். ஒரு பகுதி அம்மோனியாவாகத் தண்ணீருக்கே திரும்பும், அதைப் பாசி உடனே எடுத்துக்கொண்டு மறுபடி வளரும். மீதி எச்சமாக அடியில் விழும். இதில் இரண்டு வகை உண்டு: ஒன்று செரித்து வெளியே தள்ளியது, இன்னொன்று வாய்க்குள் போகாமலேயே சளியில் உருட்டித் துப்பியது. மிதந்துகொண்டிருந்த நுண்துகளைக் கனமான உருண்டையாக்கித் தரைக்கு அனுப்புவதுதான் சிப்பி செய்யும் பெரிய வேலை.

தரைக்குப் போன நைட்ரஜனுக்கு அங்கே இரண்டு விதி. சேற்றின் மேற்பரப்பில் ஆக்சிஜன் இருந்தால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும், சற்றுக் கீழே ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும். இது நிஜமான சுத்தம். ஆனால் எச்சம் குவிந்துகொண்டே போனால் ஆக்சிஜன் தீர்ந்துபோய் முதல் படியே நடக்காது, சேறு கறுத்து அழுகிய முட்டை வாடை வரும், மேலே வெள்ளைப் படலமாகக் கந்தக பாக்டீரியா படரும். அந்த இடத்தில் பலவகைப் புழுக்களும் நண்டுகளும் போய், மோசமான சேற்றையும் தாங்கும் இரண்டொரு புழு இனம்தான் மிஞ்சும்.

அறுவடை செய்றப்போ எவ்வளவு நைட்ரஜன் வெளியே போகும்?

சிப்பிச் சதையின் உலர்ந்த எடையில் சுமார் 8 சதவீதம் நைட்ரஜன், ஓட்டில் அது 0.2 சதவீதம் அளவுக்குத்தான். சிறிய எண்ணாகத் தெரியும், லட்சக்கணக்கான சிப்பி என்று பெருக்கினால் கணிசமாகும். செசபீக் விரிகுடாவில் பண்ணைச் சிப்பியை அறுவடை செய்வதை மாசு குறைப்பு முறைகளில் ஒன்றாகக் கணக்கில் சேர்க்க 2016-ல் ஒப்புக்கொண்டார்கள். அதற்காகச் சாக்கடை சுத்திகரிப்பை நிறுத்திவிட்டுச் சிப்பி வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நிலத்திலிருந்து வரும் நைட்ரஜனுக்கு முன்னால் இது ஒரு துணைக் கைதான்.

அப்போ நிறைய வளர்த்தா நிறைய நல்லதுதானே?

இங்கேதான் கணக்கு திரும்புகிறது. ஒரு விரிகுடாவில் மூன்று நேரங்களைப் பாருங்கள். வெளிக்கடல் நீர் வந்து பழைய நீரை மாற்ற எத்தனை நாள் ஆகிறது, பாசி தன்னை இரட்டிப்பாக்க எத்தனை நாள் எடுக்கிறது, அங்குள்ள சிப்பிகள் எல்லாம் சேர்ந்து முழு நீரையும் ஒருமுறை வடிகட்ட எத்தனை நாள் எடுக்கின்றன. முதல் இரண்டையும் விட மூன்றாவது குறைந்துவிட்டால், சிப்பி அந்த நீரின் உணவையே சுரண்டத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதலில் அடிபடுவது சிப்பியேதான்: வளர்ச்சி குறையும், சதை சப்பும். பிரான்ஸின் மரேன்-ஒலெரோன் பகுதியில் போர்த்துகீசியச் சிப்பியை அளவுக்கு மீறி நெருக்கி வளர்த்தபோது வளர்ச்சி அப்படித்தான் மந்தமானது. பிறகு 1970 வாக்கில் ஒரு வைரஸ் நோய் வந்து அந்த இனத்தையே அங்கிருந்து துடைத்துவிட்டது.

சிப்பி கொழுத்திருந்தாலும் மற்ற உயிர்களுக்கு நெருக்கடி முன்பே தொடங்கியிருக்கலாம். மிதக்கும் மீன் முட்டைகளும் சிறு லார்வாக்களும் அதே வாய்க்குள் போகும், அதே பாசியை நம்பியிருக்கும் நுண்விலங்குகளுக்குத் தீனி குறையும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. மிகப் பொடியான பாசியைச் சிப்பியாலும் கல்லுமேக்காயாலும் சரியாகப் பிடிக்க முடியாது, அதனால் பெரிய பாசி தீர்ந்து பொடிப்பாசியின் ஆட்சி வரும். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் கல்லுமேக்காய் நெருக்கமாக வளர்க்கப்படும் நீரில் இந்த மாற்றம் கவனிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே “எவ்வளவு வளர்க்கலாம்” என்று கேட்டால், பண்ணைக்காரருக்கு லாபம் தரும் அளவு ஒன்று, சூழல் தாங்கும் அளவு இன்னொன்று. இரண்டாவது பெரும்பாலும் சிறியது.

கீழே இருக்கற கடற்புல் செத்துடுமா?

எப்படி வளர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. மேடையும் பைகளும் நெருக்கமாக இருந்தால் நேரடியாக நிழல் விழும், கடற்புல் வெளிச்சம் கிடைக்காமல் சாகும். தரையில் விதைத்துப் பிறகு இழுவைக் கருவியால் வாரி எடுத்தால் வேரோடு போகும், திரும்பி வர வருடங்கள் ஆகலாம். கயிறுகளுக்கு இடையில் நல்ல இடைவெளி விட்டால் பாதிப்பு நிறையக் குறையும்.

மறுபக்கமும் இருக்கிறது. கலங்கிய நீரில் சிப்பி துகளை இறக்கிவிட்டால் வெளிச்சம் ஆழமாக இறங்கும், முன்பு புல் வளராத ஆழத்தில் கூட வளரலாம். எச்சம் அளவாக விழுந்தால் அது புல்லுக்கு உரம். ஒரே பண்ணை தன் அடியில் புல்லைக் கொன்று, கொஞ்சம் தள்ளிப் புல்லை வளர்க்கவும் செய்யலாம். அதனால் பண்ணைக்கு நேர் கீழே மட்டும் படம் எடுத்துப் போட்டுவிட்டு முடிவு சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

பண்ணையைச் சுத்தி மீன் கூட்டம் கூட்டமா இருக்கே. மீன் பெருகுதுன்னுதானே அர்த்தம்?

கூடுவது வேறு, பெருகுவது வேறு. வெறும் சேற்றுத் தரையில் கயிறும் கூடும் பையும் வந்தால் அது ஒரு செயற்கைப் பாறை மாதிரி. ஒளிய இடம், ஒட்டி வளர இடம், தின்ன புழுவும் சிறு இறாலும் எல்லாம் கிடைக்கும். கயிற்றிலிருந்து உதிரும் கல்லுமேக்காய் அடியில் குவிய, நண்டும் நட்சத்திர மீனும் அங்கே விருந்து வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள மீன்கள் அங்கே வந்து குவிந்ததாலேயே எண்ணிக்கை அதிகமாகத் தெரியலாம். குஞ்சு மீன்கள் அங்கே தங்கித் தப்பிப் பிழைத்து வளர்ந்தால்தான் அது நிஜமான பெருக்கம், அதை நிரூபிக்கக் கூட்டத்தை எண்ணினால் போதாது, வயதையும் வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். சிறு மீன்களுக்கு இப்படிப்பட்ட அமைப்புகள் நல்ல புகலிடம் என்பதில் சந்தேகம் இல்லை.

திறந்த சேற்றுத் தரையையே நம்பி வாழும் தட்டை மீனுக்கும், ஓதம் வற்றும்போது சேற்றைக் கிளறி இரை தேடும் சில கரைப்பறவைகளுக்கும் அதே மேடைகள் இடைஞ்சல். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று இனம் இனமாகத்தான் சொல்ல முடியும்.

வெளிநாட்டுச் சிப்பி சீக்கிரம் வளருதுன்னு கொண்டு வர்றாங்க. அதுல என்ன தப்பு?

இந்தத் தொழிலின் மிகப் பெரிய, திருத்தவே முடியாத தவறுகள் எல்லாம் இங்கேதான் நடந்திருக்கின்றன. 1962-63 கடுங்குளிரில் நெதர்லாந்தின் உள்ளூர்த் தட்டைச் சிப்பி பெருவாரியாகச் செத்தது. அதற்குப் பதிலாக 1964-ல் பசிபிக் சிப்பியைக் கொண்டு வந்தார்கள், தண்ணீர் குளிர்ச்சி என்பதால் அது இங்கே இனப்பெருக்கம் செய்யாது என்று நம்பி. 1970-களின் நடுவில் வெயில் காலங்கள் சூடாக அமைந்தன, சிப்பி தாராளமாகக் குட்டி போட்டுத் தள்ளியது. பிறகு அந்த நாட்டுக் கரையோரமுள்ள ஆழமில்லாத வாடன் கடல் முழுக்கப் பரவிக் கல்லுமேக்காய்ப் படுகைகளின் மேலேயே பாறை கட்டியது. கல்லுமேக்காய் அழிந்தே போகவில்லை, சிப்பிகளுக்கு இடையில் கீழே பதுங்கி வாழ்கிறது, நண்டிடமிருந்து அங்கே பாதுகாப்பும் உண்டு. ஆனால் அந்தக் கரையின் முகம் மாறிவிட்டது, திரும்பப் பழையபடி ஆக்க வழியில்லை.

சிப்பியை விடக் கூடவே ஏறி வருகிறவை இன்னும் மோசம். ஜப்பானியக் கடற்பாசி ஒன்று, சிப்பியைத் துளைத்துத் தின்னும் நத்தை, ஐரோப்பாவில் அமெரிக்கச் சிப்பியோடு வந்து சில இடங்களில் தரையையே மூடிவிட்ட செருப்பு நத்தை என்று பட்டியல் நீளும். அமெரிக்காவின் வில்லபா விரிகுடாவில் 1890-களில் கிழக்குக் கரைச் சிப்பியைப் பொதிந்து அனுப்பிய புல்லே முளைத்து, சேற்றுத் தரைகளைப் புல்வெளியாக்கியது. நோயும் அப்படித்தான்: 1957-ல் டெலவேர் விரிகுடாவிலும் 1959-ல் செசபீக்கிலும் சிப்பிகளைக் கொன்ற ஒட்டுண்ணி, ஆசியப் பசிபிக் சிப்பியோடு தொடர்புடையது என்று மரபணு ஆய்வு காட்டியது.

மலட்டுச் சிப்பி விட்டா இந்தப் பிரச்சினை தீர்ந்துச்சே?

மூன்று மடங்கு மரபுத்தொகுதி கொண்ட சிப்பியைத்தான் சொல்கிறீர்கள். நான்கு மடங்கு உள்ளதையும் இரண்டு மடங்கு உள்ளதையும் கலந்தால் மூன்று மடங்கு கிடைக்கும். இந்த வழி 1990-களில் கைவந்தது. அவை பெரும்பாலும் மலடு, முட்டைக்குச் சக்தியைச் செலவழிக்காததால் வேகமாகவும் வளரும். ஆனால் “பெரும்பாலும்” என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது, நூற்றுக்கு நூறு இல்லை. அப்புறம், மலட்டுத்தன்மை சிப்பி பெருகுவதை மட்டும்தான் தடுக்கும். அதன் ஓட்டில் ஒட்டிவரும் நத்தையும் உள்ளே இருக்கும் நோயும் மலடு இல்லையே. மேலே சொன்ன கதைகளில் பாதி அப்படியே நடக்கும்.

பூச்சிமருந்து எதுவும் போட மாட்டாங்கதானே?

பெரும்பாலான இடங்களில் தேவையே இல்லை. விதிவிலக்கு அதே வில்லபா விரிகுடா. அங்கே சேற்றில் வளை தோண்டும் ஒரு வகை உள்ளூர் இறால் தரையைக் குழைத்துவிட, சிப்பி மூழ்கிச் செத்துவிடும். 1963 முதல் பல பத்தாண்டுகள் கார்பரில் என்ற மருந்தைச் சேற்றில் தெளித்தார்கள். பிறகு இமிடாகுளோபிரிட் போட அனுமதி கேட்டபோது வாஷிங்டன் மாநிலச் சுற்றுச்சூழல் துறை 2018-ல் மறுத்துவிட்டது. அந்த இறால் வேறெங்கிருந்தோ வந்தது இல்லை, அந்தச் சேற்றின் சொந்தக்காரர். அங்கே வளர்ந்த சிப்பிதான் வந்தேறி.

பிளாஸ்டிக் பத்தி யாரும் பேசறதில்லையே?

பேச வேண்டும். வலைப்பை, நைலான் கயிறு, குழாய், மிதவை, கட்டும் பட்டை எல்லாமே பிளாஸ்டிக். புயலில் அறுந்தால் கரை முழுக்க அதுதான். மோசமானது வெண்நுரை மிதவை. வெயிலில் பொடிந்து மணி மணியாகிக் கடலில் கலந்துவிட்டால் யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. தென்கொரியாவில் இது பெரிய தலைவலியாகி, 2022, 2023-ல் புதிதாக அப்படிப்பட்ட மிதவை வைப்பதைப் படிப்படியாகத் தடைசெய்தார்கள். எச்சம், நைட்ரஜன் என்று நுணுக்கமாகப் பேசும் பண்ணைகள் கூட அறுந்த கயிற்றைப் பொறுக்குவதில் சோம்பலாக இருப்பது எனக்கு எப்போதும் எரிச்சல்.

கடல் சிப்பியைப் பத்திப் பேசும்போது ஓடை எங்கேருந்து வருது?

மேலேயிருந்து வருகிறது, அவ்வளவுதான். சிப்பி வளர்வது பெரும்பாலும் முகத்துவாரத்திலும் கழிமுகத்திலும். அங்கே உப்பு எவ்வளவு, வண்டல் எவ்வளவு, பாசிக்கு உரம் எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்வது ஓடையும் ஆறும். மேலே காடு வெட்டினால் வண்டல் வந்து சிப்பியை மூடும். பெருமழைக்குப் பிறகு கழிவுநீர் கலந்தால் அதிலுள்ள கிருமியைச் சிப்பி தனக்குள் சேர்த்துக்கொள்ளும், அதனால்தான் மழைக்குப் பிறகு பல இடங்களில் அறுவடையை நிறுத்திவைப்பார்கள். அணை கட்டி நன்னீரைத் தடுத்தால் உப்பு ஏறி, உப்பை விரும்பும் நோய்களும் சிப்பியைத் தின்னும் நத்தைகளும் உள்ளே வரும்.

கரையில் மனிதர் செய்வதும் இதில் சேர்த்தி. 1970-களின் கடைசியில் பிரான்ஸின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பிக் குஞ்சுகள் தங்காமல் போயின, வளர்ந்தவற்றின் ஓடு தடித்துக் கோணியது. காரணம் படகு அடிப்பாகத்துக்குப் பூசிய வெள்ளீயம் கலந்த பெயின்ட். 1982-ல் பிரான்ஸ் அதற்குக் கட்டுப்பாடு போட்ட பிறகுதான் சிப்பி மீண்டது.

மீன் ஓடையில வாழுது, சரி. ஓடையை மீன் மாத்துமா?

நன்றாகவே மாற்றும், இதுதான் இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த பகுதி. பசிபிக் சால்மன் தன் உடலில் ஏறக்குறைய எல்லா எடையையும் கடலில்தான் சேர்க்கிறது. பிறகு பிறந்த ஓடைக்கே ஏறி வந்து, முட்டையிட்டு, அங்கேயே செத்துவிடுகிறது. அந்த உடல்களோடு கடலின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மலை ஓடைக்குள் வந்து சேர்கின்றன. பூச்சிகள் தின்கின்றன, குஞ்சு மீன்கள் தின்கின்றன, கரடி இழுத்துப்போய்க் காட்டில் பாதி தின்று போடுகிறது. கடலுக்கே உரிய நைட்ரஜன் அடையாளத்தை ஓடைக்கரை மரங்களில் அளந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வடமேற்கு ஆறுகளுக்கு இப்படி வந்துகொண்டிருந்த உரத்தில் இப்போது 6 முதல் 7 சதவீதம்தான் வருகிறது என்று 2000-ல் வந்த ஒரு கணக்கு சொன்னது. இதுபோக, பெண் சால்மன் வாலால் சரளையைத் தோண்டிக் குழி போடும்போது மெல்லிய வண்டல் அலசிப் போய்விடும், அடுத்த தலைமுறை முட்டைக்குக் காற்றோட்டமான தரை கிடைக்கும்.

சாகாமலேயே ஓடையை நடத்தும் மீனும் உண்டு. தென்னமெரிக்காவின் ஓரினோகோ படுகையில் அடிவண்டலைத் தின்னும் ஒரு மீன் இனத்தை ஒரு பரிசோதனையில் ஓடையின் ஒரு பகுதியிலிருந்து விலக்கிப் பார்த்தார்கள். கரிமப் பொருள் கீழ்நோக்கி நகர்வதே மாறிவிட்டது. வேறு எத்தனையோ மீன்கள் அங்கே இருந்தும் அந்த ஒன்றின் வேலையை யாராலும் ஈடுகட்ட முடியவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு உதாரணம் கெண்டை இனத்தைச் சேர்ந்த சாதாக் கெண்டை. அடிச்சேற்றைக் கிளறித் தீனி தேடி, நீர்ச்செடியைப் பிடுங்கி, பாஸ்பரஸை எழுப்பிவிட்டுத் தெளிந்த நீரைக் கலங்கிய குட்டையாக்கிவிடும்.

மீன் இல்லாத ஓடையில மீன் விடறது நல்ல காரியம்தானே?

நல்லெண்ணம், சரி. 1860-களில் நியூசிலாந்துக்கு ஐரோப்பிய ட்ரவுட் கொண்டுபோனார்கள். அது அங்குள்ள சிறிய உள்ளூர் மீன்களைத் தின்றும் விரட்டியும் பல ஓடைகளில் இடம் பிடித்தது. அதோடு நிற்கவில்லை. கல்லில் பாசியை மேயும் பூச்சிகள் பகலில் ட்ரவுட்டுக்குப் பயந்து ஒளிந்துகொண்டன, மேய்ச்சல் குறைந்தது, கல்லில் பாசி தடித்தது. மேலே ஒரு மீனைச் சேர்த்தால் கீழே கல்லின் நிறம் வரை மாறும். “மீன் இல்லாத ஓடை” என்று நாம் சொல்வதில் பாதி, நாம் பிடிக்க ஆசைப்படும் மீன் இல்லாத ஓடைதான்.

ஓடையில கூட மட்டி இருக்கே, அதுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?

மீன் இல்லாவிட்டால் பெரும்பாலான நன்னீர் மட்டிக்குக் குழந்தையே இல்லை. அதன் லார்வா சில நாள் அல்லது சில மாதம் ஒரு மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டியிருந்தால்தான் வளரும். அதுவும் எந்த மீனும் ஆகாது, தனக்கென்று குறித்த இனம் வேண்டும். வட அமெரிக்காவில் சில மட்டிகள் தங்கள் சதையின் ஓரத்தையே சிறு மீன் போல ஆட்டிக் காட்டும், கண் புள்ளி கூட இருக்கும். பெரிய மீன் இரை என்று கடிக்க வரும், அதன் முகத்திலேயே லார்வாக்களைப் பீய்ச்சிவிடும். கண்ணே இல்லாத உயிர் இதைச் செய்கிறது என்பதை நினைத்தால் இன்னும் ஆச்சரியம்தான்.

ஐரோப்பிய முத்து மட்டிக்கு அட்லாண்டிக் சால்மனோ பழுப்பு ட்ரவுட்டோ வேண்டும். செவுளிலிருந்து இறங்கிய பின் சில வருடங்கள் சுத்தமான சரளைக்குள் புதைந்து வளரும், வண்டல் அடைத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். பெரியவை நூறு வருடத்துக்கு மேல் வாழும். அதனால் ஓர் ஓடையில் ஆயிரக்கணக்கில் மட்டி இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இளையது ஒன்றுகூட இல்லாமல் எல்லாம் கிழங்களாகவே இருக்கலாம். அமெரிக்காவின் சஸ்குவஹானா ஆற்றில் விலாங்கு மீனை அணைகள் தடுக்க, விலாங்கை நம்பியிருந்த மட்டி இனமும் அணைக்கு மேலே தேய்ந்தது. அந்த ஆறு போய்ச் சேருவது முன்பு சொன்ன செசபீக் விரிகுடாவில்தான்.

மீன் கூண்டுக்குப் பக்கத்துல சிப்பி வச்சா மீன் கழிவைத் தின்னுடுமே, ரெண்டும் சரியாயிடாதா?

காகிதத்தில் அழகான யோசனை. நடைமுறையில், மீன் எச்சமும் சிந்திய தீவனமும் கனமானவை, வேகமாக அடிக்குப் போய்விடும், கயிற்றில் தொங்கும் சிப்பிக்கு எட்டுவது பொடித்துகள் மட்டும். திறந்த கடலில் நீரோட்டம் அதையும் விரித்துவிடும். கூடவே சிப்பி தன் எச்சத்தையும் அதே தரையில்தான் போடும். கரைந்த அம்மோனியாவைச் சிப்பியால் எடுக்கவே முடியாது, அதற்குக் கடற்பாசிதான் வேண்டும். சீனாவின் சாங்கோ விரிகுடாவில் கடற்பாசியையும் ஓட்டு உயிர்களையும் சேர்த்துப் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். அந்த இணை வேலை செய்வதற்குக் காரணம், ஒன்று விடுவதை மற்றது எடுப்பதுதான்.

சிப்பி ஓடு கார்பன்தானே? அப்போ சிப்பி வளர்த்தா பூமி சூடாறது குறையுமா?

இதைக் கேட்காதவர்களே இல்லை. ஓடு கால்சியம் கார்பனேட், அதில் கார்பன் இருக்கிறது, உண்மை. ஆனால் ஓடு கட்டுவதற்குச் சிப்பி எடுப்பது கடலில் கரைந்த பைகார்பனேட்டை. இரண்டு பைகார்பனேட் எடுத்தால் ஒன்று ஓட்டுக்குப் போகும், மற்றது கார்பன் டைஆக்சைடாக வெளியே வரும். கடல்நீரின் வேதியியல் கொஞ்சத்தைத் தாங்கிக்கொள்வதால், கட்டும் ஒவ்வொரு மூலக்கூறு ஓட்டுக்கும் சுமார் 0.6 மூலக்கூறு வாயு என்று கணக்கு. மேலே சிப்பி மூச்சு விடுவது தனி. ஓட்டை மட்டும் காட்டிக் கார்பன் கணக்கு விற்கிறவர்களிடம் இந்த 0.6-ஐ எங்கே எழுதினீர்கள் என்று கேளுங்கள். தீவனம் வேண்டாத உணவு என்பதால் மற்ற இறைச்சிகளை விட இதன் சுமை குறைவு, அந்த வாதம் நேர்மையானது.

காற்றில் கார்பன் டைஆக்சைடு ஏறினால் முதலில் அடி வாங்குவதே சிப்பிதான். 2007 வாக்கில் தொடங்கி அமெரிக்காவின் மேற்குக் கரைப் பொரிப்பகங்களில் சிப்பி லார்வாக்கள் கூட்டமாகச் செத்தன. ஆழத்திலிருந்து மேலெழுந்த அமிலம் மிகுந்த நீரில், பிறந்த முதல் ஓரிரு நாளில் ஓடு கட்ட முடியாமல் போனதுதான் காரணம். அதன் பிறகு உள்ளே வரும் நீரின் வேதியியலை அளந்து, சோடியம் கார்பனேட் சேர்த்துச் சமாளிக்கிறார்கள். பொரிப்பகத் தொட்டியில் அது முடியும், வெளிக்கடலில் முடியாது.

தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா ஆயிடுச்சுன்னா ஏரியோ கடலோ ஆரோக்கியமா இருக்குன்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். 1980-களின் கடைசியில் கப்பல் ஆடாமல் இருக்க அடியில் ஏற்றிவரும் நீரோடு வந்த வரிக்குதிரை மட்டி வட அமெரிக்கப் பேரேரிகளில் பரவியது, பிறகு அதன் உறவான குவாகா மட்டி இன்னும் ஆழத்துக்குப் போனது. தண்ணீர் பிரமாதமாகத் தெளிந்தது. அந்தத் தெளிவு, மீன்களின் உணவாக மிதந்துகொண்டிருந்த பாசி காணாமல் போனதால் வந்தது. ஆழத்தில் மீன்கள் நம்பியிருந்த சிறு ஓட்டுடலி ஒன்று பல இடங்களில் சரிந்தது, வெண்மீன் இளைத்தது. வெளிச்சம் அடிவரை இறங்க, கரையோரம் இழைப்பாசி தடித்து வளர்ந்து ஒதுங்கி நாறியது. எச்சமாக விழும் உரம் கரையோரமே தங்கிவிடுவதும் அதற்குத் தீனி. உருண்டைக் கோபி என்ற மற்றொரு வந்தேறி மீன் அந்த மட்டியைத் தின்று, அதைப் பறவைகள் தின்று, பாட்டுலிசம் நச்சு நீர்ப்பறவைகளைக் கொன்ற சம்பவங்களும் உண்டு.

வடிகட்டும் வேலையில் சிப்பியும் வரிக்குதிரை மட்டியும் ஒன்றுதான். “சிப்பி நல்லது, அந்த மட்டி கெட்டது” என்று மனதில் வைத்துக்கொண்டால், எவ்வளவு வளர்க்கலாம் என்ற கேள்வியில் சொன்ன மூன்று நேரங்கள் மறந்துபோகும்.

எங்க பக்கத்துல ஒரு பண்ணை வரப்போகுது. நிபுணர் இல்லாத நான் எதைப் பார்க்கறது?

வருவதற்கு முன்பே போய்ப் பாருங்கள், வந்த பிறகு ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஓதம் வற்றும்போது சேற்றில் ஒரு சாண் தோண்டினால் மேலே பழுப்பு அடுக்கு எவ்வளவு தடிமன், கறுப்பு எங்கே தொடங்குகிறது, வாடை எப்படி என்று தெரியும். அதைப் படத்தோடு தேதி போட்டு எழுதி வையுங்கள். கடற்புல் எங்கே முடிகிறது என்று ஒரு கோடு குறித்துக்கொள்ளுங்கள். பண்ணைக்காரரிடம் மூன்று கேளுங்கள்: குஞ்சு எங்கிருந்து வருகிறது, நோய் சோதனை யார் செய்தது, அறுந்த கயிறையும் பையையும் யார் பொறுக்குவது.

அப்புறம் ஒரு முறை மேலே ஓடைப்பக்கமும் நடந்து பாருங்கள். சேறு, அணை, கழிவுநீர்க் குழாய், இதில் ஏதாவது ஒன்று இருந்தால் பண்ணையைக் குறை சொல்வதற்கு முன் அதையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.